ஜவ்வாது நாட்டுக் கைதிகள்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய அந்தக் காலணித் தொழிற்சாலையில் ஆடிட் என்று ஒன்று வந்தால் நிர்வாகத்துக்கு முதலில் ஞாபகம் வருவது அம்பிகாவின் முகம்தான். ஷூ வாங்குகிற ஜெர்மனிக்காரன் வரட்டும், இத்தாலிக்காரன் வரட்டும், அவர்கள் சார்பில் சென்னையிலிருந்து டை கட்டிய யாராவது வரட்டும், 'சும்மா யாராவது ஒரு ஒர்க்கரிடம் பேசலாமா' என்று கேட்ட மறுநிமிடம் அந்தச் சும்மா யாராவது அம்பிகாவாக இருப்பாள். தையல் பிரிவில் நான்காவது லைன், ஜன்னலோர மெஷின். உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம். அங்கே அவளை உட்காரவைத்ததே அதற்காகத்தான் என்று சிலர் பேசிக்கொள்வார்கள். பொறாமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அது உண்மை.

அம்பிகா பொய் சொல்லமாட்டாள். கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருந்தது. 'குடிதண்ணீர் எப்படி?' என்று கேட்டால், 'மூணு மாசத்துக்கு ஒருவாட்டி டெஸ்ட் பண்றாங்க சார்' என்பாள். டெஸ்டில் என்ன வந்தது என்று அவர்களும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. 'ஓவர்டைம் கட்டாயமா?' என்றால், 'இஷ்டப்பட்டவங்க பாக்கறாங்க மேடம்' என்று சிரிப்பாள். இஷ்டப்படாதவர்கள் என்ன ஆனார்கள் என்பது அடுத்த கேள்வி. அதற்குள் வந்தவர் அடுத்த மெஷினுக்குப் போயிருப்பார்.

அவள் வாயிலிருந்து ஒருபோதும் வராத சொல் ஒன்று உண்டு. டோக்கன். உள்ளங்கை அகலத்தில் ஒரு மரத்துண்டு, அதில் சிவப்புப் பெயிண்டில் லைன் நம்பர். லைனுக்கு ஒன்று. பாத்ரூம் போகிறவள் ஆணியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆணி காலியாக இருந்தால், போனவள் திரும்பி வருகிற வரை மற்ற பெண்கள் எல்லாரும் காலைப் பின்னிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். ஆடிட்டுக்கு முன்னால் டோக்கன்கள் எல்லாம் மாயமாகிவிடும். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டிய மறுநாள் அதே ஆணியில் முளைத்திருக்கும்.

பக்கத்து மெஷின் நசீமுன்னிசாவுக்குச் சிறுநீரகத்தில் கல். வேலூர் டாக்டர் நாளெல்லாம் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். "அவருக்கின்னாக்கா, ரூமுக்குள்ளயே பாத்ரூம் வெச்சிருக்காரு, சொல்லிட்டாரு" என்பாள் நசீமா. காலையில் கொண்டுவருகிற பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குப் போகும். வலி வந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு தைப்பாள். போன மாதம் இரண்டு தடவை மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். இனி முடியாது, மாசக் கடைசியில் நின்றுவிடப் போகிறேன் என்று அம்பிகாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவள் நின்றால் அவளுடைய மகளின் நர்சிங் படிப்பும் நிற்கும்.

அதனால் அம்பிகா எச்.ஆர். ஜெயப்பிரகாஷிடம் போய் நின்றாள். லைனுக்கு இன்னொரு டோக்கன் வேண்டும், அவ்வளவுதான். ஜெயப்பிரகாஷ் ராணிப்பேட்டைக்காரர். நல்ல மனுஷன், பயந்த மனுஷன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டால் தொழிலாளிக்குப் பிரயோஜனம் கம்மி. "பாக்கலாம் அம்பிகா, ஆடிட் முடியட்டும்" என்றார். ஆடிட் முடியட்டும் என்பதை அவள் பல ஆடிட்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை அவருக்கே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. முதலாளியின் பால்ய நண்பர் சமீருல்லா வேலூர்ப் பக்கம் ஒரு சட்டக் கல்லூரியில் பேராசிரியர். அங்கே மாணவர்களுக்கு ஏதோ போட்டியாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கைதிகளாக நடிக்க ஆள் வேண்டுமாம். முதலாளி அனுப்பச் சொல்லிவிட்டார்.

"மத்தியானம் பிரியாணி இருக்கு. நீ பத்துப் பன்னண்டு பேரைக் கூட்டிக்கினு வா. திங்கக்கெழம உன் டோக்கன் விஷயத்த உக்காந்து பேசலாம்."

"நெஜமாவா சார்?"

"பேசலாம்னுதான் சொன்னேன்" என்றார் ஜெயப்பிரகாஷ் அவசரமாக.

நசீமா வரமாட்டேன் என்றாள். கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் ஜெயிலில் கழிக்கவா என்று கேட்டாள். அம்பிகா விடவில்லை. கும்பலாகப் போய் நல்ல பேர் வாங்கினால் டோக்கன் கிடைத்தாலும் கிடைக்கும் என்று நச்சரித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

பாலாற்றங்கரையில் பல வருடங்களாக மூடிக் கிடக்கிற, தோல் பதனிடுகிற ஒரு ஷாப்புதான் கைதி முகாம். தொட்டிகளை மண் போட்டு மூடிவிட்டார்கள், சுண்ணாம்பு வாடையை மூட முடியவில்லை. சுற்றிலும் கயிறு கட்டி, வாசலில் காக்கிச் சட்டை போட்ட நாலு மாணவர்களை நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் கையிலிருந்த துப்பாக்கி பிளைவுட். அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் துடைப்பம் பிடித்துக்கூடப் பழக்கமில்லாத பிள்ளைகள் என்று தெரிந்தது.

பேராசிரியர் சமீருல்லா கைதிகளை வட்டமாக உட்காரவைத்து விளக்கினார். பாலாற்றுக் குடியரசு என்று ஒரு நாடு, ஜவ்வாது நாடு என்று ஒரு நாடு. இரண்டுக்கும் யுத்தம். இவர்கள் எல்லாரும் பிடிபட்ட ஜவ்வாது நாட்டுச் சிப்பாய்கள். யுத்தத்துக்கும் சட்டம் உண்டு, பிடிபட்டவனை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கும் சட்டம் உண்டு. செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதியாக ஒரு மாணவி வந்து விசாரிப்பாள். முகாமில் என்னென்ன தவறு நடக்கிறது என்று அவள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் மார்க்.

"வெட்டிக் கொல்றதுன்னு ஆன அப்பறம் அதுக்கு இன்னா சார் ரூலு?" என்றாள் நசீமா.

சமீருல்லா சந்தோஷமாகிவிட்டார். "இதேதாம்மா, நேத்து முழுக்க காலேஜ்ல மைக் வெச்சுப் பேசினோம். ஜெனீவாவுல உக்காந்து எழுதின சட்டம் நம்ம ஊருக்கு எதுக்குன்னு ஒருத்தர் கேட்டாரு. இன்னொருத்தர், இதெல்லாம் எங்க பக்கம் எப்பவோ இருந்ததுதான்னாரு. சாயங்காலம் டீ வர்ற வரைக்கும் சண்டை ஓயல."

"எங்க ஊர்ல ரெண்டு தெருவுக்கு அடிதடி நடந்தா பால்காரர மட்டும் யாரும் தொட மாட்டாங்க சார்" என்றாள் அம்பிகா. "ரெண்டு பக்கத்துக்கும் காலைல டீ வேணுமே."

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். நேற்றே இவளை மேடையில் ஏற்றியிருந்தால் எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்றார். பிறகு கைதிகளுக்கான கஷ்டங்களைப் பிரித்துக் கொடுத்தார். நசீமாவுக்குக் காலில் குண்டடி, யாரும் மருந்து போடவில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களைக் காவலர்கள் அடித்திருக்கிறார்கள். யார் எழுதின கடிதமும் வீட்டுக்குப் போவதில்லை. கைதிகள் தங்களுக்குள் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதும் சட்டமாம். எல்லாரும் அம்பிகாவைப் பார்த்தார்கள். வேறு யாரைப் பார்ப்பார்கள்?

முகாம் கமாண்டராக நடிக்க வேண்டிய மாணவனுக்குத்தான் மெட்ராஸ் ஐ வந்துவிட்டது. கண்ணைத் திறக்கவே முடியாமல் ஹாஸ்டலில் கிடந்தான். சமீருல்லா சுற்றுமுற்றும் பார்த்தார். இஸ்திரி கலையாத சட்டையில், கைப்பையை மார்போடு அணைத்தபடி ஓரமாக நின்ற ஜெயப்பிரகாஷ் கண்ணில் பட்டார்.

"நீங்களே செஞ்சிருங்க சார். கொஞ்சம் கொடுமைக்காரரா இருக்கணும், அவ்ளோதான்."

"எனக்கு அதெல்லாம் வராது சார்" என்றார் ஜெயப்பிரகாஷ். அதை அவர் நிஜமாகவே நம்பினார்.

"சும்மா ஏதாவது ஒண்ணு யோசிச்சுப் பண்ணுங்க. மத்தது நான் பாத்துக்கறேன்."

தலையில் ஒரு தொப்பியை வைத்தார்கள். ஜெயப்பிரகாஷ் முகாமுக்குள் அங்குமிங்கும் நடந்தார். கொடுமைக்கு எங்கே போவது? ஒரு கைதியைப் பார்த்து முறைக்க முயன்றார். அவள் 'வணக்கம் சார்' என்று எழுந்து நின்றாள். இவரும் பழக்கதோஷத்தில் 'சாப்ட்டியாம்மா' என்றார். கடைசியில் கைப்பையைத் திறந்து அதிலிருந்து ஒரு டோக்கனை எடுத்துக் கம்பத்தில் தொங்கவிட்டார். புதன்கிழமை ஆடிட். எல்லா லைன்களின் டோக்கன்களையும் சனிக்கிழமையே பெண்கள் பார்க்கக் கழற்றிப் பையில் போட்டிருந்தார். தொழிற்சாலையில் வைத்தால் யார் கண்ணிலாவது படும் என்று பையைக் கையை விட்டு இறக்குவதில்லை.

"பாத்ரூம் போறவங்க இத எடுத்துக்கினு போவணும். ஒருத்தர் வந்தப்பறம் ஒருத்தர்" என்றார் கமாண்டர். கைதிகள் தலையாட்டினார்கள். யாருக்கும் அது விசேஷமாகப் படவில்லை.

பதினோரு மணிவாக்கில் செஞ்சிலுவைப் பிரதிநிதி வந்தாள். பெயர் எழிலரசி, பள்ளிகொண்டாவைச் சேர்ந்த பெண். வெள்ளை மேல்சட்டையில் சிவப்பாகச் சிலுவை, கையில் ஃபைல், நெற்றியில் வியர்வை. பின்னால் நாற்காலி போட்டு டெல்லியிலிருந்து வந்த நடுவர் அம்மாளும் சமீருல்லாவும் உட்கார்ந்திருந்தார்கள். எழிலரசியின் பக்கத்தில், ஆடிட்டரோடு எப்போதும் எப்படி நிற்பாரோ அப்படியே, கையைக் கட்டிக்கொண்டு ஜெயப்பிரகாஷ் நின்றார்.

இங்கேதான் எல்லாம் கெட்டது. ஃபைல் பிடித்த ஒரு வெளியாள், பக்கத்தில் எச்.ஆர். சார். 'உங்களை இங்கே எப்படி நடத்துகிறார்கள்?' என்று கேள்வி. அம்பிகாவின் முதுகு தானாக நிமிர்ந்தது, முகத்தில் அந்தப் பேர்பெற்ற சிரிப்பு வந்து உட்கார்ந்தது. ஜவ்வாது நாடு, குண்டடி, கடிதம் எல்லாம் மறந்தே போயிற்று.

"நல்லா நடத்தறாங்க மேடம். ஒரு கொறையும் இல்ல."

எழிலரசி அடுத்த ஆளிடம் போனாள். "உங்களை யாராவது அடிச்சாங்களா?"

"இல்ல மேடம். வருஷத்துக்கு ரெண்டு வாட்டி ஃபயர் டிரில் நடத்தறாங்க" என்றாள் அடிபட்டவள்.

"வீட்டுக்கு எழுதற கடிதம் போய்ச் சேருதா?"

"கம்ப்ளெய்ண்ட் பாக்ஸ் இருக்குது மேடம். சாவி கமிட்டிகிட்ட இருக்குது."

எழிலரசிக்குத் தலை சுற்றியது. அவள் படித்த புத்தகங்களில் எந்த முகாமிலும் ஃபயர் டிரில் இல்லை. காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த நசீமாவிடம் குனிந்தாள். எப்படிக் காயமாயிற்று, யாராவது மருந்து போட்டார்களா என்று கேட்டாள்.

"சேஃப்டி ஷூ குடுத்திருந்தாங்க மேடம். நாந்தான் போடல, எந் தப்பு" என்றாள் குண்டடி பட்ட சிப்பாய். "ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் அங்க இருக்குது பாருங்க."

அவள் காட்டிய திசையில் ஒரு ஓணான் உட்கார்ந்திருந்தது.

பின்னால் நடுவர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சமீருல்லா தலையில் கையை வைத்துக்கொண்டார். அவர் கஷ்டப்பட்டுக் கட்டிய நரகம் நாற்பது நிமிஷத்தில் ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்கிவிடும் போலிருந்தது. ஜெயப்பிரகாஷின் முகத்தில் மட்டும் பெருமை. நம்ம ஆட்கள் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார்கள்.

எழிலரசி சட்டென்று நிமிர்ந்தாள். "கமாண்டர், நான் கைதிகளின் பிரதிநிதியோடு தனியா பேசணும். நீங்க வெளிய இருக்கணும். கண்ணுக்குத் தெரியலாம், காதுக்குக் கேக்கற தூரத்துல இருக்கக் கூடாது."

"நான் இருந்தா இன்னாம்மா? நான் ஒண்ணும் குறுக்க பேச மாட்டேன்."

"சாட்சி இல்லாம பேசறதுக்கு எனக்கு உரிமை இருக்கு சார். சட்டம்."

ஜெயப்பிரகாஷ் சமீருல்லாவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். கமாண்டர் வேப்பமரத்தடிக்குப் போய், பையை அணைத்தபடி, இங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார். அம்பிகாவின் அனுபவத்தில் இப்படி நடந்ததே கிடையாது. ஆடிட்டர்கள் தனியாகப் பேசவேண்டும் என்பார்கள், சார் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபைலைத் தேடிக்கொண்டிருப்பார். தேடுகிற ஃபைல் ஒருநாளும் கிடைக்காது.

"அக்கா" என்றாள் எழிலரசி. மேடம் தோரணையெல்லாம் போய், குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. "நீங்க சொல்றது எதுவும் அவருகிட்ட போவாது. சொன்னதுக்காக உங்கள ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னும் சட்டம் இருக்கு. கொஞ்சம் மனசு வெச்சு சொல்லுங்கக்கா."

அம்பிகாவுக்கு உறைத்தது. ஐயோ, இது ஆடிட் இல்லை, பரீட்சை. பாவம், யார் வீட்டுப் பெண்ணோ. நாக்கைக் கடித்துக்கொண்டு, பேராசிரியர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மடமடவென்று ஒப்பித்தாள். நசீமாவுக்கு மருந்து இல்லை, கடிதம் போவதில்லை, இரண்டு பேரை அடித்தார்கள். எழிலரசி ஓடுகிற பேனாவை நிறுத்தாமல் எழுதினாள். அவள் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

அப்போது நசீமா, காலில் கட்டோடு, குண்டடியை மறந்து விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

"அக்கா, டோக்கன் எடுத்துக்கினு போனவ வந்துட்டாளா? எனக்கு முடியல."

"இன்னும் வரல. பல்லக் கடிச்சிக்கினு இரு கொஞ்சம்" என்றாள் அம்பிகா.

எழிலரசியின் பேனா நின்றது. "என்ன டோக்கன்?"

அம்பிகா சொன்னாள். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று ஒருவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். அத்தனை பேருக்கும் ஒன்றுதான், ஒருத்தி வந்தால் ஒருத்தி போகலாம், நேரமானால் சத்தம் போடுவார்கள்.

"இத ஏங்க்கா மொதல்லயே சொல்லல?"

"இது கொறையா?" என்று கேட்டாள் அம்பிகா.

பாசாங்கு இல்லாமல்தான் கேட்டாள். எழிலரசி ஃபைலைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொன்னாள். பிடிபட்ட கைதி பகலானாலும் ராத்திரியானாலும் வேண்டியபோது கழிப்பிடம் போகலாம். அது சுத்தமாக இருக்க வேண்டும். பெண் கைதிகள் இருந்தால் அவர்களுக்குத் தனியாக வேண்டும். உலகத்தில் எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட சட்டம்.

"யாருக்கு? நம்மள சுட்டவனுக்கா?"

"ஆமாங்க்கா. நம்மள சுட்டவனுக்குத்தான். எதிரிக்கு."

அம்பிகா நசீமாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். அவள் வலி மட்டும் நடிப்பில்லை. இத்தனை வருஷம் இரண்டாவது டோக்கன், இரண்டாவது டோக்கன் என்று கெஞ்சிக்கொண்டு நடந்தோமே, முதல் டோக்கனே எதற்கு என்று ஒரு நாளாவது தோன்றியதா என்று அம்பிகாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. துப்பாக்கியோடு வந்தவனுக்கு உள்ளது ஷூ தைக்கிறவளுக்கு இல்லை. இத்தனைக்கும் இவள் சிரித்த முகமாகப் பேசிப் பேசித்தான் ஆர்டரே வந்திருக்கிறது.

"நீ போ நசீமா" என்றாள். "டோக்கன் வேணாம். யாராவது கேட்டா ஜெனீவான்னு சொல்லு."

நசீமா போனாள். பிளைவுட் துப்பாக்கிக்காரப் பையன் தடுக்கப் பார்த்தான். அவள் ஏதோ சொன்னாள், அது ஜெனீவா இல்லை. பையன் வழிவிட்டான்.

பிரியாணிக்கு முன்னால் தீர்ப்பு. எல்லாரையும் ஷெட்டுக்குள் உட்காரவைத்து எழிலரசி தன் அறிக்கையை வாசித்தாள். பேராசிரியர் வைத்த மூன்று குற்றங்களும் அதில் இருந்தன. நான்காவதாக டோக்கன். அதற்கு மட்டும் அவள் அதிக நேரம் பேசினாள். நடுவர் அம்மாள் குனிந்து சமீருல்லாவின் காதில் என்னவோ சொன்னார். அவர் முகம் மலர்ந்து ஜெயப்பிரகாஷ் பக்கம் திரும்பினார்.

"கமாண்டர் சார், எழுந்திருங்க. நான் வெச்ச கஷ்டம் மூணுதான். நாலாவது நீங்களா சேத்தது. நடுவர் பிரமாதம்ங்கறாங்க. அடி இல்ல, உதை இல்ல, ஒரு மரத்துண்ட வெச்சு இத்தன பேர அடக்கிட்டீங்க. இவ்ளோ வருஷமா பாடம் எடுக்கறேன், எனக்கு இது தோணவே இல்ல. எங்க புடிச்சீங்க சார் இத?"

மாணவர்கள் கை தட்டினார்கள். கைதிகள் பக்கம் ஒரு கையும் தட்டவில்லை.

"சும்மா... கற்பனைதான் சார்" என்றார் ஜெயப்பிரகாஷ். கழுத்துவரை சிவந்துவிட்டார்.

"அப்பிடியா?" சமீருல்லா கைதிகள் பக்கம் திரும்பினார். "பிரதிநிதி அம்மா, நீங்க சொல்லுங்க. கமாண்டருடைய கற்பனை எப்பிடி?"

அத்தனை தலைகளும் அம்பிகா பக்கம் திரும்பின. அவள் எழுந்தாள். உண்மையைப் போட்டு உடைக்கலாம். முதலாளியின் சிநேகிதர் முன்னால் உடைத்தால் ஜெயப்பிரகாஷின் வேலை போகும். அந்த நாற்காலியில் அடுத்து வருகிறவன் இவரைப்போல் கழுத்துச் சிவக்கிறவனாக இருக்கமாட்டான். 'ஆமா சார், கற்பனை' என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் டோக்கன் பைக்குள் திரும்பிப் போகும், வியாழக்கிழமை ஆணியில் தொங்கும், நசீமா மாசக் கடைசியில் நிற்பாள். ஜெயப்பிரகாஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடிட் அன்றைக்குப் பார்க்கிற அதே பார்வை. நீதான் என்னைக் காப்பாத்தணும் என்கிற பார்வை.

அம்பிகா சிரித்தாள்.

"எங்க சார் இத இன்னிக்கு உங்களுக்குக் குடுத்துடணும்னே கொண்டாந்துட்டாரு சார். ஒண்ணு இல்ல, பையில எல்லா லைனோடதும் இருக்குது. பேக்டரில இப்ப ஒண்ணுகூட கெடையாது, நீங்க வேணும்னா வந்து பாத்துக்கங்க. இனிமே அவருக்குத் தேவப்படாதாம். காலேஜ்லயே வெச்சுக்கங்க. புள்ளைங்களுக்குப் பாடம் நடத்த ஆவும்."

தொழிற்சாலையில் ஒன்றுகூடக் கிடையாது என்பது சத்தியம். பையில் எல்லாம் இருக்கின்றன என்பதும் சத்தியம். கொடுக்கவேண்டும் என்றே கொண்டுவந்தார், இனி அவருக்குத் தேவைப்படாது என்றது மட்டும் பொய். இத்தனை ஆடிட்டுகளில் சொல்லாத பொய்யை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னாள். சொன்னதில் அவளுக்குத் துளி வருத்தம் கிடையாது.

சமீருல்லா பேராசிரியர் என்றாலும் விவரமான மனுஷன். கம்பத்தில் தொங்கிய டோக்கனைக் கையில் எடுத்தார். பழைய சிவப்பு நம்பரையும், வருஷக்கணக்காகக் கை பட்டு வழவழப்பான ஓரத்தையும் பார்த்தார். அம்பிகாவைப் பார்த்தார். கமாண்டரைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"பெரிய மனசு சார் உங்களுக்கு" என்று ஜெயப்பிரகாஷிடம் இரண்டு கையையும் நீட்டினார். "குடுங்க. கண்ணாடி அலமாரில வெச்சு, கீழ உங்க பேரப் போட்டு வெக்கறேன். உங்க மொதலாளிகிட்டயும் நானே ஃபோன் பண்ணி நன்றி சொல்லிடறேன்."

"பேரெல்லாம் வேணாம் சார்" என்றார் ஜெயப்பிரகாஷ் பலவீனமாக. பையைத் திறந்தார். மாணவர்கள் மறுபடி கை தட்டினார்கள், இந்தத் தடவை கைதிகளும் சேர்ந்து தட்டினார்கள். விசில் ஒன்றும் வந்தது. யார் அடித்தது என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. எழிலரசி போட்டியில் அடுத்த சுற்றுக்குப் போனாள். அவள் ஓடிவந்து அம்பிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "போய்ச் சாப்புடு பாப்பா, ஆறிடப் போவுது" என்றாள் அம்பிகா.

புதன்கிழமை ஆடிட் வந்தது, போனது. அம்பிகா வழக்கம்போல் சிரித்தாள். வியாழக்கிழமை காலை நான்காவது லைன் சூப்பர்வைசர் ஆணியைப் பார்த்துவிட்டு ஜெயப்பிரகாஷிடம் போய், டோக்கன் இன்னும் வரவில்லையே சார் என்றார். ஜெயப்பிரகாஷ் கீழே இறங்கி வந்தார். லைன் நடுவில் நின்று ஆணியைப் பார்த்தார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் ஒருத்தியும் தைக்கிற இடத்தைப் பார்க்கவில்லை.

"அம்பிகா" என்றார் தணிந்த குரலில். "முதலாளி கூப்ட்டுப் பேசினாரு. காலேஜ்ல எம்பேரப் போட்டு வெக்கறாங்களாம், நல்ல காரியம் பண்ணேன்னாரு. இனிமே நான் எங்க போயி புதுசா ஒண்ணு செய்யறது?"

"அதான சார். எதுக்கு?" என்றாள் அம்பிகா.

ஜெயப்பிரகாஷ் சூப்பர்வைசரிடம் கையை நீட்டிக் குறடு வாங்கி, ஆணியைத் தாமே பிடுங்கினார். அது லேசில் வரவில்லை. பிடுங்கிய ஆணியை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார். பயந்த மனுஷனுக்கு அது பெரிய காரியம். அம்பிகாவுக்கு அவர்மேல் அன்றைக்கு நிஜமாகவே பிரியம் உண்டானது.

நசீமுன்னிசா மெஷினை நிறுத்தினாள். பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து, லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க மடக் மடக்கென்று அடிவரை குடித்தாள். சற்றுநேரம் தைத்தாள். எழுந்து போனாள், வந்தாள். பாட்டிலை நிரப்பிக்கொண்டுவந்து மறுபடி குடித்தாள், மறுபடி போனாள். சாயங்காலத்துக்குள் அவள் எத்தனை தடவை போனாள் என்று யாரும் எண்ணவில்லை. அதில் பாதி தேவையே இல்லாமல், சும்மா கையை வீசிக்கொண்டு நடந்துவிட்டு வரத்தான் போனாள்.